இடப்பக்கக் கையெழுத்து

நான் பார்க்காத ஓர் ஓலைச்சுவடியைப் பார்த்ததாக எழுதினேன். அது வெளிப்பட்டபோது, பழியை என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் மேல் போட்டேன். பன்னிரண்டு வருடம் ஓர் அகராதி அலுவலகத்தில் இருந்தவன் நான். அங்கே எப்படி வேலை செய்தோம் என்று எழுதித் தரச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள். அதையும் எழுதுகிறேன். ஆனால் இதை முதலில் சொல்லிவிட வேண்டும். கடைசியில் சொல்லலாம் என்று வைத்தால் சொல்லாமலே முடித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

கேட்டவர்கள் இரண்டு இளைஞர்கள். சொற்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையில் இருக்கிறார்கள். "கார்டு காலத்துல தப்பே வராம எப்படி சார் பாத்துக்கிட்டீங்க?" என்றார்கள். தப்பு வராமல் இருக்க ஏற்பாடு இருந்தது. நல்ல ஏற்பாடு. அதை உடைத்தவன் நான்.

பாதிரியார் ஆவதற்காகக் குருமடத்தில் ஆறு வருடம் லத்தீன் படித்துவிட்டு, குருப்பட்டம் பெறாமல் வெளியே வந்தேன். சில வருடம் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில், அம்பத்தூர் மேனாம்பேட்டில் ஒரு துறவற சபை லத்தீன்–தமிழ் அகராதி தயாரிக்கிறது, லத்தீன் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். சபைக்குச் சொந்தமான வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் நாங்கள், மற்றதில் அட்டைகள். எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து ஷிப்ட் சங்கு ஊதும்போது மேசையை விட்டு எழுந்துகொள்வோம். எங்களுக்கென்று தனியாகக் கடிகாரம் இல்லை.

இயக்குநர் சவரிமுத்து ஃபாதர். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். ஒரு லத்தீன் சொல்லுக்குப் பொருள் மட்டும் எழுதினால் போதாது, அது எங்கிருந்து வந்தது என்று கடைசி வரை போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. மேலே லத்தீன் சொல். அதன் கீழே அது எந்த மொழியிலிருந்து வந்ததோ அந்த வடிவம், அதற்குக் கீழே அதனுடைய தாய் வடிவம் என்று ஏணிப் படிகள் போல இறங்கும். கீழே போகப் போக மூப்பு.

எந்தப் படியை எந்த மையில் எழுதுவது என்பதுதான் அங்கே சட்டம். மூல நூலையோ சுவடியையோ கல்வெட்டையோ நீயே கண்ணால் பார்த்திருந்தால் நீல மை. வேறொருவர் பார்த்து எழுதியதை வைத்துச் சொன்னால் சிவப்பு மை. யாரும் பார்க்கவில்லை, இப்படி இருந்திருக்கலாம் என்று அறிவைக் கொண்டு ஊகித்தால் பென்சில். அட்டையின் இடப்பக்க மூலையில் கண்டவர் கையெழுத்து. வலப்பக்க மூலையில் மறுமுறை கண்டவர் கையெழுத்து. இரண்டு பேரும் வெவ்வேறு நாளில் போய்ப் பார்க்க வேண்டும். "ஒரே நாள்ல சேந்து போனா ஒருத்தர் கண்ண இன்னொருத்தர் இரவல் வாங்கிருவாரு" என்பார் ஃபாதர்.

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்பான அட்டையை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுவார், அவ்வளவுதான். சேர்ந்த முதல் வருடம் மிளகுக்கான லத்தீன் சொல் என்னிடம் வந்தது. பிப்பெர். கிரேக்கத்தில் பெப்பெரி, வடமொழியில் பிப்பலி, அதாவது நம் திப்பிலி. மூன்று படியையும் நீல மையில் எழுதிக் கொடுத்தேன். அட்டை கவிழ்ந்தது. மூன்று நாள் அப்படியே கிடந்தது. நான்காம் நாள் நானே போய் நின்றேன்.

"என்ன தப்பு ஃபாதர்?"

"பிப்பலிய எதுல பாத்தீரு?"

"புத்தகத்துல."

"புத்தகத்துல பாத்தீரா, இல்ல புத்தகத்தப் பத்தின புத்தகத்துல பாத்தீரா?"

இரண்டாவதுதான். அந்தப் படியைச் சிவப்பில் மாற்றி எழுதினேன். அதன்பிறகு பத்து வருடம் என் அட்டை ஒன்றுகூடக் கவிழவில்லை. அந்தப் பெருமை என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று இப்போது தெரிகிறது.

அமலோற்பவம், நாங்கள் கூப்பிடுவது அமலா, எனக்கு நான்கு வருடம் கழித்து வந்தாள். கணவர் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் வீடு, இரண்டு பிள்ளைகள். சேர்ந்தது அழுத்தம் திருத்தமான கையெழுத்துக்காக. அட்டைகளை அச்சுக்குப் படியெடுக்கும் வேலை. கோயில் பாடற்குழுவில் சிறுமியாக லத்தீன் பாட்டுகளைப் பொருள் தெரியாமல் பாடியவள், பொருள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தானே இலக்கணம் படித்திருக்கிறாள். ஒரு மாதம் கழித்து, நான் எழுதிய வினைச்சொல் ஒன்றில் காலம் தப்பு என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். தப்புதான். ஃபாதருக்கு விஷயம் போனது. அவர் அவளைக் கூப்பிட்டு, "இசட் வந்ததும் நீயும் கையெழுத்துப் போடு. அகராதி முடிஞ்சப்புறம் திருத்தப் பதிப்ப நீதாம்மா பாக்கணும்" என்றார். அன்றிலிருந்து அவள் இசட் எழுத்துக்காகக் காத்திருந்தாள்.

எங்கள் பியூன் ஏகாம்பரம் அதை வைத்தே அவளைக் கிண்டல் செய்வான். "இன்னாம்மா, எம்லயே நின்னுகினு கீது உன் வண்டி? நான் ரிடேர் ஆயி பேரனைத் தூக்கிகினு வந்து பாத்தாலும் இசட் வராது போலக்கீதே!"

"வரும் அண்ணாத்தே. நீ அட்டப் பொட்டிய ஒழுங்கா அடுக்கு" என்பாள்.

வந்தது. தொண்ணூறுகளின் முதல் வருடங்கள். அதற்குள் சர்க்கரை வியாதி ஃபாதரின் கண்ணைத் தின்றுவிட்டிருந்தது. அட்டையில் ஏதோ எழுதியிருக்கிறது என்று தெரியும், என்ன மை என்று தெரியாது. மாலையில் அமலா ஒவ்வொரு அட்டையாக வாசித்துக் காட்டுவாள். ஒவ்வொரு படிக்கும் அவர் கேட்பார், "நீலமா?" அவள், "நீலம் ஃபாதர்" அல்லது "செவப்பு ஃபாதர்" என்பாள். அவர் தலையசைப்பார். நாங்கள் சொல்லும் நிறம்தான் அவருக்கு நிறம்.

லத்தீனில் இசட் எழுத்தில் சொற்கள் மிகக் குறைவு. அதில் ஒன்று ஜிங்கிபெர். நம் இஞ்சி. ரோமாபுரிக்காரர்களுக்கு அது கிரேக்கர்களிடமிருந்து வந்தது, ஜிங்கிபெரிஸ். கிரேக்கர்களுக்கு இங்கிருந்து போன வியாபாரத்தோடு போனது. பாலியில் சிங்கிவேர, வடமொழியில் சிருங்கவேர. சிருங்கம் என்றால் கொம்பு, கிழங்கு கொம்பு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் என்று விளக்கம் சொல்வார்கள். ஃபாதர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "வந்த சொல்லுக்குப் பெறகு சட்ட தச்சுப் போட்டுருக்காங்க" என்றார். கடைசியில் நிற்கும் வேர என்பது நம்முடைய வேர்தான் என்பது அவர் கட்சி. மலையாளத்தில் இஞ்சிவேர் என்றே சொல் இருக்கிறது. ஆக, ரோமாபுரிக்காரன் நாக்கில் இருந்த சொல்லுக்குக் கடைசிப் படி நம் பக்கத்தில்.

ஒரே ஒரு முட்டு. மேலே உள்ள படிகளிலெல்லாம் முதல் எழுத்து 'ச' அல்லது 'ஜ'. நம் இஞ்சியில் அது இல்லை. சிறகு இறகானது போல, தமிழில் முதலில் நிற்கும் ச உதிர்வது உண்டு. ஆகவே மிகப் பழங்காலத்தில் சிங்கி என்று ஏதாவது இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம். அதாவது பென்சில். எந்த நூலிலும் அப்படி ஒரு வடிவத்தை நாங்கள் பார்க்கவில்லை.

ஃபாதருக்கு அந்தக் கடைசிப் படி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. திருமழிசையில் பரம்பரை வைத்தியர் ஒருவர் வீட்டில் மருந்துச் சுவடி இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். பழைய மருந்துப் பெயர்கள் அதில் இருக்கலாம். "போய்ப் பாத்துட்டு வாரும் அந்தோணி. இருந்தா இருக்கு. இல்லன்னா பென்சில். ஒண்ணும் குடி முழுகிறாது" என்றார். அவர் அப்படித்தான் சொன்னார். என்னை யாரும் நெருக்கவில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பூந்தமல்லி போய் பஸ் மாறி, நெடுஞ்சாலையில் இறங்கி நடந்தேன். வைத்தியர் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என்னைப் பார்த்தாள்.

"வைத்தியரா? ஊட்டப் பூட்டிகினு பொண்ணு ஊட்டுக்குப் போய்க்கிறாரு. எப்ப வருவாரோ. இன்னா, முட்டி வலியா?"

"இல்லம்மா. அவர்கிட்ட ஒரு பழைய சுவடி இருக்காம். அதுல ஒரு சொல்லு பாக்கணும்."

"சொல்லா? அதுக்கா பஸ்ஸேறி வந்தே?" என்று சிரித்தாள். நல்ல சிரிப்பு. இன்றைக்கும் அது காதில் இருக்கிறது.

திரும்பி வந்தேன். படியேறும்போதே அமலா கேட்டாள். "கெடச்சுதாண்ணே?"

"கெடச்சுது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல வருடம் யோசித்துவிட்டேன். ஃபாதர் சந்தோஷப்படுவார் என்பது ஒரு காரணம். குருமடத்தை விட்டு வந்தவன் என்று ஊரில் பேர் வாங்கிய நான், ஒரு லத்தீன் சொல்லைத் தமிழ் மண் வரை இறக்கியவன் என்று பேர் வாங்கலாம் என்பது பெரிய காரணம். ஊகம் சரியாகத்தான் இருக்கும் என்ற திமிர் எல்லாவற்றிலும் பெரிய காரணம். பென்சிலில் எழுதியிருந்த சிங்கியின் மேல் நீல மையை ஓட்டினேன். பக்கத்தில், திருமழிசைச் சுவடி, ஏடு நாற்பத்தொன்று என்று எழுதினேன். நாற்பத்தொன்று எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

பிறகு பேனாவை அமலாவிடம் நீட்டினேன். "இடப்பக்கம் நீ போடு."

"ஐயோ, அது பாத்தவங்க எடம்ணே."

"உனக்கு இது மொதக் கையெழுத்து. இடப்பக்கமே இருக்கட்டும். நான் வலப்பக்கம் போட்டுக்கறேன். நீ அடுத்த வாரம் ஒரு நட போய்ப் பாத்துட்டு வந்துடு, கணக்கு நேராயிடும்."

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். சின்னவனுக்கு அப்போது அம்மை போட்டிருந்தது, தண்ணீர் ஊற்றியதும் போகிறேன் என்றாள். அச்சகத்துக்காரர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். முழுப் பெயரையும் இடப்பக்க மூலையில் எழுதினாள். அமலோற்பவம்.

அது அன்பினால் செய்தது என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்பு இல்லை. அந்த மூலையில் என் பெயர் இருக்கக் கூடாது என்று கைக்குத் தெரிந்திருந்தது. மனதுக்கும் தெரிந்திருந்தது.

நான்கு நாள் கழித்து ஒரு மாலை அந்த அட்டையை அவள் வாசித்தாள்; அதுவரை ஃபாதரிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கடைசிப் படி வந்ததும் ஃபாதர் நாற்காலியில் நிமிர்ந்தார். "நீலமா?"

"நீலம் ஃபாதர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அந்தக் கண்ணாடியால் அவருக்கு எந்தப் பிரயோசனமும் கிடையாது.

அகர வரிசையில் அதற்கு அடுத்த அட்டை ஜிஜானியா. நற்செய்தியில், நல்ல பயிருக்கு நடுவே பகைவன் விதைத்துவிட்டுப் போகும் களை. மறுநாள் அதை நான் எழுதினேன். கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுத ஆசைதான்.

எங்கள் அலுவலகத்தில் இன்னொரு வழக்கம் இருந்தது. சுவடி கொடுத்து உதவியவர்களுக்கு, அகராதியில் அவர்கள் சுவடி இடம்பெற்ற பகுதி அச்சானதும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். அட்டைகளைப் பார்த்து முகவரி எடுத்து அனுப்புவது ஏகாம்பரம். இதை நான் மறந்துபோனேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு முற்பகல், மடிப்புக் கலையாத வேட்டி சட்டையோடு ஒரு பெரியவர் வந்தார். கையில் எங்கள் புத்தகம். முகமெல்லாம் பூரிப்பு. திருமழிசை வைத்தியர்.

"எங்க தாத்தாவோட ஏட்ட புஸ்தகத்துல போட்டுக்கிறீங்க. ரொம்ப சந்தோசம் சாமி. எங்க தெருவுல எல்லாருக்கும் காட்டிட்டேன்" என்று ஃபாதரின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணுதான் வெளங்கல. நம்ம ஊட்டுக்கு யாரு வந்து பாத்தாங்கோ? அப்புறம், நாப்பத்தொண்ணாம் ஏடுன்னு போட்டுக்குது. நம்மகிட்ட கீறதே முப்பத்தெட்டு ஏடுதான்."

ஃபாதர் அவருக்கு மரியாதையாகக் காப்பி கொடுத்து அனுப்பினார். பிறகு அட்டையை எடுத்து வரச் சொன்னார். இடப்பக்கம் யார் பெயர் என்று ஏகாம்பரத்தை வாசிக்கச் சொன்னார். அவன் எங்களைப் பார்த்துவிட்டு மெதுவாக வாசித்தான்.

"ஏட்டப் பாத்தியாம்மா?"

"இல்ல ஃபாதர்" என்றாள் அமலா. "போவணும்னுதான் இருந்தேன். புள்ளைக்கு அம்ம எறங்கி, பெரியவளுக்குப் போட்டுடுச்சு. அண்ணன் பாத்துட்டு வந்தேன்னு சொன்னாரு. அதான் போட்டேன்."

ஃபாதர் அவள் குரல் வந்த பக்கத்திலிருந்து என் பக்கம் திரும்பினார். "அந்தோணி, நீரு பாத்தீரா?"

அமலா என்னைப் பார்த்தாள். பயமே இல்லாத பார்வை. நான் சொல்லிவிடுவேன் என்று முழுக்க நம்பிய பார்வை.

"நான் போனப்ப வீடு பூட்டியிருந்துச்சு ஃபாதர்" என்றேன். அது உண்மை. "அதுக்கப்புறம் அவங்க போய்ப் பாத்துட்டு வந்ததா நெனச்சேன். இடப்பக்கம் அவங்க பேர் இருந்துச்சு. நம்பி வலப்பக்கம் போட்டேன்." அது பொய்.

ஃபாதர் அட்டையைத் தடவி எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

அமலா எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். ரயிலடி வரை பின்னால் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாது. ஆவடி வண்டி வரும்வரை தள்ளி நின்றவள், வண்டி வந்ததும் திரும்பினாள்.

"நீங்க சொல்லிடுவீங்கன்னு ஒரு நிமிசம் பாத்துகினே இருந்தேண்ணே" என்றாள். ஏறிக்கொண்டாள்.

ஃபாதர் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். எல்லாப் பிரதிகளிலும் ஒட்ட ஒரு திருத்தச் சீட்டு அச்சாயிற்று. "இச்சொல்லின் இறுதிப் படியிலுள்ள சுவடிக் குறிப்பு ஏற்கத்தக்கதன்று. கண்டவர் பிழை." மைதாப் பசை காய்ச்சி ஒவ்வொரு பிரதியிலும் என் கையாலேயே ஒட்டினேன். அலுவலகத்தில் கண்டவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆவடிக் கோயில் வரை அது போயிற்று. பாடற்குழுவில் அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள் என்று ஏகாம்பரம் சொன்னான். அதன்பிறகு அவன் என்னோடு வேலைக்கு வேண்டியதைத் தவிரப் பேசவில்லை.

ஒரு வருடத்தில் ஃபாதர் இறந்தார். கடைசி வாரம் பார்க்கப் போனபோது என் கையைத் தேடிப் பிடித்து, "கடைசில உம்ம கண்ணு ஒண்ணுதான் எனக்கு மிச்சம் அந்தோணி" என்றார். அப்போதும் நான் சொல்லவில்லை.

அவருக்குப் பின் அலுவலகத்தை மூடினார்கள். வேறு இடத்தில் சில வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பாவசங்கீர்த்தனத்தில், பாவங்களை அறிக்கையிடும்போது, குருவிடம் சொன்னேன். மன்னிப்பு உடனே கிடைத்தது. அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல் என்றார் குரு. அதற்கு எனக்கு மூன்று வருடம் ஆனது.

முதலில் சபைத் தலைவருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அது பழைய விஷயம், அகராதி இப்போது பயன்பாட்டில் இல்லை, அட்டைகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்று, எனக்காக ஜெபிப்பதாகப் பதில் வந்தது. "கண்டவர் பிழை அன்று, பொய் சொன்னவன் நான்" என்று என் பெயரோடு ஒரு சீட்டு அச்சடித்துக்கொண்டு, பிரதி இருந்த நூலகங்களுக்குப் போனேன். இரண்டு இடத்தில் ஒட்டவிட்டார்கள். ஒன்றில் புத்தகத்தையே காணோம். இன்னொன்றில், "யாரும் எடுக்கறதே இல்ல சார், எதுக்கு இதெல்லாம்?" என்று நூலகர் தலையைச் சொறிந்தார்.

பிறகு திருமழிசைக்குப் போனேன். அன்றைக்குச் செய்யாததைச் செய்வோம் என்று. வைத்தியர் காலமாகியிருந்தார். மகன் எஸ்டேட் கம்பெனியில் லேத் ஓட்டுகிறார். சுவடியைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருந்தார். முப்பத்தெட்டு ஏடுகளையும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து படித்தேன். பதினேழாம் ஏட்டில் அந்தச் சொல் இருந்தது. இஞ்சி. வெறும் இஞ்சி. சிங்கியும் இல்லை, வேறொன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து ஓர் அட்டை வெட்டினேன். ஜிங்கிபெர். மேல்படிகளைச் சிவப்பில் எழுதினேன். சிங்கியைப் பென்சிலில் எழுதினேன். அதன் பக்கத்தில் நீல மையில், இஞ்சி, திருமழிசைச் சுவடி, ஏடு பதினேழு. இடப்பக்க மூலையில் என் பெயரை எழுதினேன்.

அதை எடுத்துக்கொண்டு அண்ணனூர் போனேன். அமலாவின் கணவர் ஓய்வு பெற்ற பிறகு அங்கேதான் வீடு கட்டியிருந்தார்கள். அமலாவே கதவைத் திறந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. "வாங்கண்ணே" என்றாள். காப்பி கொடுத்தாள். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். சபைக்கு எழுதிய கடிதத்தைப் படித்து, மடித்து, திருப்பிக் கொடுத்தாள்.

"ஃபாதர்கிட்ட சொல்லிருக்கலாம்ணே" என்றாள். "இப்ப யாருகிட்ட காட்டுறது இத?"

அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மேலிருந்து கீழே ஒவ்வொரு படியாக, அந்த நாளில் ஃபாதருக்கு வாசித்த அதே நிதானத்தில், உதடு அசைய வாசித்தாள். லத்தீனை அவள் மறக்கவில்லை.

நான் பேனாவை நீட்டினேன். "வலப்பக்கம் உன் பேரை எழுதும்மா. இது உண்மை. நான் பாத்தேன்."

பேனாவை அவள் வாங்கவில்லை.

"நான் பாக்கலையேண்ணே" என்றாள். "பாக்காததுக்கு ஒரு வாட்டி போட்டேன். போதும்."

"நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். ஒரு பஸ்தான். நீயே படிச்சுப் பாரு."

"வேணாம்ணே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் விடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பி வரவில்லை. நானே கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

எப்படித் தப்பு வராமல் பார்த்துக்கொண்டீர்கள் என்று கேட்ட அந்த இரண்டு இளைஞர்களிடமும் இந்த அட்டையைக் காட்டினேன். வலப்பக்கம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார்கள். மறுமுறை யாரும் பார்க்கவில்லை என்றேன்.